இயக்குநர் போன பிறகு நிலத்தைப் பத்தின படத்த முடிக்கலாமா? (கிளாவோகர், கியாரோஸ்தமி, அப்புறம் நம்ம மலேசியா சுங்கை சிப்புட் கித்தா (ரப்பர்) காடு)

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

ஒரு இயக்குநர் பாதியில செத்துட்டா படத்த அப்படியே மூடி வெச்சிடணும்ங்கிறது என் கருத்து. அதுவும் கதை இல்லாம, நிலத்தையும் வானத்தையும் ஆளுங்களையும் பாத்துக்கிட்டே போற டாக்குமென்டரின்னா கண்டிப்பா. கதைப் படத்துக்கு ஸ்கிரிப்ட் இருக்கும், யாராவது முடிச்சிடலாம். இது கவிதை மாதிரி, அவரோட கண்ணு இல்லாம எப்படி? ஆஸ்திரிய டாக்குமென்டரி இயக்குநர் மைக்கேல் கிளாவோகரோட கடைசிப் படம் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவர் படம்னு மனசு ஒத்துக்கல.

பிப்ரவரி 8, ராத்திரி

நான் நேர் எதிர்ப் பக்கம். கதைப் படத்தத்தான் இன்னொருத்தர் முடிக்கிறது கஷ்டம். எடுக்காத காட்சி பாக்கி இருக்கும், நடிகர் கிட்ட அவர் என்ன கேட்டிருப்பார், எந்த டேக்க ஓகே சொல்லியிருப்பார்னு எல்லாமே ஊகம்.

கிளாவோகர் படத்துல ஊகிக்க என்ன இருக்கு? 2013 டிசம்பர்ல கிளம்பும்போதே அவர் கிட்ட பொருள் கிடையாது, ஸ்கிரிப்ட் கிடையாது. கேமராவுக்கு அட்டிலா போவா, சவுண்டுக்கு மானுவல் ஸீபெர்ட், மூணு பேரு வண்டியில ஏறி ஒரு வருஷம் உலகத்த சுத்துறது, வழியில கண்ணுல பட்டத எடுக்கிறது, அவ்வளவுதான் திட்டம். பால்கன் நாடுங்க, இத்தாலி, மொராக்கோ, மொரித்தானியா, செனகல்னு இறங்கி லைபீரியா வரைக்கும் போயிட்டாங்க. 2014 ஏப்ரல்ல மொன்ரோவியாவுல மலேரியாவுல போயிட்டார், 54 வயசு.

அதுக்கப்புறம் எடிட்டர் மோனிகா வில்லி கையில இருந்தது எடுத்த வரைக்குமான காட்சியும், வழியில அவர் எழுதி வெச்ச குறிப்புங்களும். அத வெச்சிதான் முடிச்சாங்க, 2017ல பெர்லின் விழாவுல போட்டாங்க. அந்தப் பயணத்துல பாக்காத இடத்த பாத்ததா காட்டல. ஒரு வருஷம்னு போட்ட திட்டம் அஞ்சு மாசத்துக்குள்ள நின்னு போச்சு, படமும் அந்த அளவோட நிக்குது. இதுல எங்க துரோகம் வந்துச்சு?

பிப்ரவரி 9, காலை

ஒரு தம்பி கேட்டிருக்கார், யாரு இந்த ஆளு, நம்மளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு. 2005ல ஒரு படம் எடுத்தார், உலகத்துல கடுமையான உடம்பு வேலை செய்றவங்களப் பத்தி. உக்ரைன் நிலக்கரி, நைஜீரியாவுல ஆடு மாடு அறுக்கிற சந்தை, பாகிஸ்தான்ல பழைய கப்பல் உடைக்கிற கடற்கரை, இப்படி. அதுல ஒரு பகுதி இந்தோனேசியா கிழக்கு ஜாவாவுல இருக்கிற கவா இஜென் எரிமலை. உள்ள இறங்கி மஞ்சக் கந்தகத்த உடைச்சி, ரெண்டு கூடையில போட்டு, நடுவுல மூங்கில் வெச்சி, தோள்ல தூக்கிக்கிட்டு மேல ஏறுவாங்க. எழுபது எண்பது கிலோ சர்வ சாதாரணம்.

தோட்டத்துல பொறந்தவங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்ல. எங்க அப்பா காண்டா வாளி தூக்கினவர். ரெண்டு பக்கமும் பால் வாளி, நடுவுல கம்பு, தோள்ல காய்ப்பு, மேட்டுல ஏறும்போது பால் சிந்தாம இருக்க ஒரு மாதிரி குறுக்கடி போட்டு நடப்பாங்க. அந்த நடைய நான் எரிமலைச் சரிவுல பாத்தேன். படத்த நிறுத்திட்டு வெளிய போய் நின்னுட்டுத்தான் திரும்ப வந்து பாத்தேன். அன்னையிலருந்து அவர் படம் எது வந்தாலும் தேடிப் பாப்பேன். அவர் யாரையும் பாவம்னு பாக்க மாட்டார். வேலைய வேலையா பாப்பார், எவ்வளவு நேரம் ஆவுதோ அவ்வளவு நேரம் பாப்பார்.

பிப்ரவரி 9, மத்தியானம்

ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமி கடைசிப் படத்த சொன்னாரே ஒருத்தர், அது வேற கணக்கு. அங்க திட்டம் ரொம்பத் தெளிவு. 24 காட்சி, ஒவ்வொண்ணும் சுமார் நாலரை நிமிஷம். முதல் காட்சி புரூகெல் வரைஞ்ச பனியில வேட்டைக்காரங்க ஓவியம், மத்ததெல்லாம் அவரே எடுத்த ஃபோட்டோங்க, அதுக்குள்ள பனி பெய்ய வெச்சி, காக்கா பறக்க வெச்சி, அலை அடிக்க வெச்சி கம்ப்யூட்டர்ல உயிர் குடுத்தது. அவர் 2016 ஜூலையில பாரிஸ்ல இறந்தார். 24ஐத் தாண்டியே காட்சிங்க இருந்துச்சு, மகன் அஹ்மத் அதுல எது நிக்கணும்னு தேர்ந்து எடுத்து முடிச்சார், 2017 கான் விழாவுல போட்டாங்க.

ஆக மகனுக்கு விழுந்த வேலை கழிக்கிற வேலை. வில்லிக்கு விழுந்தது கோக்கிற வேலை. ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க. எனக்கு என்னவோ கழிக்கிறதுதான் பயங்கரமா தோணுது. அப்பா ராத்திரி பகலா உக்காந்து செஞ்ச ஒரு கடற்கரைய மகன் வேணாம்னு எடுத்து வெக்கணும்.

பிப்ரவரி 11

ஏன் இவ்வளவு சூடா பேசுறேன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. சரி சொல்லிடுறேன்.

எங்க அத்தான், அக்கா வீட்டுக்காரர், சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா வீடியோ எடுத்தவர். உங்கள்ல சில பேரு கல்யாணத்த அவர்தான் எடுத்திருப்பார். ஞாயித்துக்கிழமை கல்யாணம் முடிஞ்சா திங்கக்கிழமை கேமராவத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக்குள்ள போயிடுவார். யாரும் காசு குடுக்கல, யாரும் கேக்கல. கித்தா மரத்த சாய்ச்சி செம்பனை (பாமாயில் மரம்) நடுற இடம், தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயத்த இடிக்கிற இடம், ஆளு போயிட்ட தோட்டத்துல பூட்டிக் கெடக்கிற, பிள்ளைங்கள பாத்துக்கிற ஆயாக்கொட்டகை, தமிழ்ப் பள்ளிக்கூடத்து திடல், பின்னால சுண்ணாம்பு மலை. வருஷக் கணக்கா எடுத்திருக்கார். படமா பண்ணப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார், அக்கா கிட்டயும் என் கிட்டயும். பேரு கூட வெக்கல. போயிட்டார்.

ஹார்ட் டிஸ்க் எல்லாம் இப்ப என் வீட்டுல இருக்கு. அதனாலதான் இந்தக் கேள்வி எனக்கு வெறும் சினிமாப் பேச்சு இல்ல.

பிப்ரவரி 11, ராத்திரி

உள்ள என்ன இருக்குன்னு கேக்கிறீங்க. பெரும்பாலும் நீளமான ஷாட். கேமராவ ஸ்டாண்டுல வெச்சிட்டு ஒதுங்கிடுவார் போல. விடியக் காலையில பால் வெட்டுக்கு போற அம்மா ஒருத்தங்க, தலையில லைட்டு, அந்த வெளிச்சம் மரத்துக்கு மரம் நகந்து போறது மட்டும் தெரியும், ஆள் தெரியாது. ஏன் அந்த நேரம்னு தோட்டத்து ஆளுங்களுக்கு தெரியும், வெயில் ஏறிட்டா பால் ஒழுங்கா ஓடாது. ஒரு மரம், உளி போட்ட கோடு, பால் இறங்கி மங்குல (பால் புடிக்கிற கிண்ணம்) விழுறது, மங்கு பாதி நிறையுற வரைக்கும் வெட்டாம ஓடுது அந்த ஷாட். நான் முதல்ல வேகமா ஓட்டித்தான் பாத்தேன். அப்புறம் ஒரு ராத்திரி உக்காந்து ஓட்டாம பாத்தேன், பாதியில ஒரு எறும்பு வருது, கோட்டுல ஏறி பால்ல மாட்டுது, மீண்டு போவுது. இத வேகமா ஓட்டுறவன் எடிட்டிங் பண்ணக் கூடாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் பட்டுச்சு.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, கவிஞர் செத்தா பாதிக் கவிதைய வேற ஆளு முடிக்கிறாரான்னு மடக்குறார். நல்ல கேள்வி, காலையிலருந்து அதேதான் யோசனை.

ஐயா, நம்ம கிட்டயே பதில் இருக்கே. ஐங்குறுநூறு எடுத்துக்குங்க. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார், ஆளுக்கு நூறு. சேத்து வெச்சவர் கூடலூர் கிழார். அவர் ஒரு வரி சேக்கல, எது பக்கத்துல எதுன்னு வெச்சார். நம்ம கபிலரப் படிக்கிறது அந்த அடுக்கு வழியாத்தான். யாராவது இது கபிலர் பாட்டு இல்லன்னு சொல்றோமா?

நிலத்த வெச்சி உணர்வ சொல்றதுக்கு இலக்கணமே போட்டவங்க நாம. நேரம், நிலம், அப்புறம் அந்த நிலத்து மரம், பறவை, தொழில், சாமி, சாப்பாடு, பறை. மனுசன் மனசு கடைசியிலதான் வருது, வந்தா தானா வந்து உக்காந்துக்கும். கிளாவோகரோ கியாரோஸ்தமியோ தொல்காப்பியம் படிச்சிருக்க மாட்டாங்க, ஆனா அவங்க படம் பாக்கும்போது எனக்கு கருப்பொருள்தான் ஞாபகம் வருது.

பிப்ரவரி 12, ராத்திரி

மேல எழுதினதுல ஒண்ணு சேக்கணும். அடுக்கிறதுன்னு லேசா சொல்லிட முடியாது. கிளாவோகர் படத்துல வில்லி பயணம் போன வரிசையில அடுக்கல. பால்கன்ல இருந்து ஆப்பிரிக்கா, திரும்ப மேல, திரும்ப கீழ. சியரா லியோன்ல கால் போனவங்க கட்டை ஊனிக்கிட்டு பந்து ஆடுறாங்களே, செனகல்ல மல்யுத்தம் பண்றாங்களே, பாலைவனத்துல ரயில் போவுதே, இதெல்லாம் எந்த தேதியில எடுத்ததுன்னு பாக்கிறவங்களுக்கு கவலையே இல்ல. உடம்பு பக்கத்துல உடம்பு, தூசி பக்கத்துல தூசி. அந்த முடிவு அவங்களோடது, அதனாலதான் படத்துல அவங்க பேரும் இயக்கத்துல வருது. இது நேர்மை. மறைஞ்சிருந்து செய்யல.

இத யோசிச்சிட்டு அத்தான் டிஸ்க்க திரும்ப தொறந்தேன். இதுவரைக்கும் தோட்டம் தோட்டமா பிரிச்சி வெச்சிருந்தேன். இப்ப மரம், வேலை, சாமி, சத்தம், சோறுன்னு பிரிச்சிக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. அவர் சாமிய எடுக்கும்போது கூட முனியாண்டி முகத்த எடுக்கல. எல்லா தோட்டத்துலயும் கோயில் பக்கத்துல இருக்கிற தண்ணிக் குழாயத்தான் எடுத்திருக்கார். லயம் இடிச்ச இடத்துலயும் குழாய்தான். தோட்டம் தோட்டமா வெச்சிருந்தா இது எனக்கு தெரிஞ்சே இருக்காது.

பிப்ரவரி 14

சத்தத்தப் பத்தி யாருமே பேசல, எனக்கு அதுதான் பெரிய பிரச்சனை.

கிளாவோகர் கூட ஸீபெர்ட் இருந்தார், எந்தக் காத்து எந்த ஊரு காத்துன்னு சொல்ல ஆளு உயிரோட இருந்தாங்க. இசை வொல்ஃப்காங் மிட்டரர். குறிப்ப வாசிக்கிற குரல் ஆங்கிலப் பதிப்புல ஃபியோனா ஷா, ஒரு பொம்பளக் குரல். அத நான் ரொம்ப மதிக்கிறேன். செத்தவர் மாதிரியே ஒரு ஆம்பளக் குரல வெச்சி அவரே பேசுற மாதிரி ஏமாத்தல. எழுத்து அவரோடது, தொண்டை வேற ஆளோடதுன்னு காதுக்கே தெரியுது.

யோஹான் யோஹான்சன் கதை இன்னும் விசேஷம். அவர் அடிப்படையில இசையமைப்பாளர், ஐஸ்லாந்துக்காரர். பழைய யுகோஸ்லாவியாவுல மலை மேல, புல்வெளியில நிக்கிற கான்கிரீட் நினைவுச் சின்னங்கள கருப்பு வெள்ளையில 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்தார், ஒளிப்பதிவு ஸ்டூர்லா ப்ராண்ட் க்ரோவ்லன். மனுசனே இல்லாத நிலம், டில்டா ஸ்விண்டன் குரல். 2018 பிப்ரவரியில பெர்லின்ல இறந்தார், 48 வயசுதான். படம் 2020ல பெர்லின்ல வந்துச்சு. இசைய அவர் கூட வேலை செஞ்ச யாயிர் எலாசர் க்ளாட்மன் முடிச்சிக் குடுத்தார். கூட உக்காந்து கேட்டவர் முடிக்கிறதும், வெளியில இருந்து ஒருத்தர் வந்து முடிக்கிறதும் ஒண்ணு இல்லயே.

அத்தான் படத்துல சவுண்டு கேமரா மைக்குதான். பாதி இடத்துல காத்து மைக்க அடிக்குது. ஆனா ஒவ்வொரு ஷாட் முடிவுலயும் அவர் கேமராவ நிறுத்த வரும்போது செருப்புச் சத்தம், பெருமூச்சு, சில நேரம் ஒரு வார்த்தை. காவல்காரர் கிட்ட "போயிடுறேன் அண்ணே, போயிடுறேன்". ஒரு தடவை யாரும் இல்லாத இடத்துல "சரி" மட்டும். ஒழுங்கா எடிட் பண்றவங்க முதல்ல வெட்டுறது இதத்தான். நான் வெட்டப் போறதில்ல.

பிப்ரவரி 15

அந்த "சரி"ய வெச்சா உணர்ச்சிய பிழியுற மாதிரி ஆயிடும்னு ஒரு தம்பி சொல்றார். அவர் சொல்றதுல ஞாயம் இருக்கு. எல்லா ஷாட்டுலயும் வெச்சா அது அத்தான் செத்துட்டார், செத்துட்டார்னு சொல்லிக்கிட்டே இருக்கும், மங்கும் எறும்பும் பின்னால போயிடும். அவர் தன்னப் பத்தி படம் எடுக்கல. யோசிக்கிறேன். காவல்காரர் பேச்சு கண்டிப்பா இருக்கும், ஏன்னா அங்க பொறந்த ஆளு உள்ள நுழைய அனுமதி கேக்கிறார்ங்கிறது நிலத்தப் பத்தின செய்தி. பெருமூச்சு வேணாம்.

பிப்ரவரி 17

சீக்கிரம் முடிச்சி இந்த வருஷமே போட்டுடுங்கன்னு பல பேரு. அவசரம் தேவைப்படுற படமும் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. லித்துவேனியாக்காரர் மன்டாஸ் க்வேடராவிச்சியஸ், 2022ல உக்ரைன் மரியுபோல் நகரம் முற்றுகையில இருக்கும்போது உள்ள போய் படம் எடுத்தார், கொன்னுட்டாங்க. அவர கட்டிக்கப் போற பொண்ணு ஹன்னா பிலோப்ரோவா காட்சிங்கள வெளிய கொண்டு வந்து, எடிட்டர் கூட உக்காந்து, அந்த மே மாசமே கான்ல போட்டாங்க. போர் அப்பவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, காத்திருக்க நேரம் இல்ல. கிளாவோகர் படத்துக்கு மூணு வருஷம் பக்கம் ஆச்சி. எங்க மரம் ஏற்கனவே சாஞ்சிடுச்சு, செம்பனை கூட காய்ச்சிக் குலை தள்ளியாச்சு. நான் அவசரப்பட்டு எதையும் காப்பாத்தப் போறதில்ல.

பிப்ரவரி 19

பின்னணிக் குரல்ல வரலாறு சொல்லணும்னு ஒரு வாத்தியார் நீளமா எழுதியிருக்கார். 1877ல கோலாகங்சார்ல நட்ட கித்தாவுல ஒரு மரம் இன்னும் நிக்குது, நம்ம ஊருல இருந்து கொஞ்ச தூரம். 1948 ஜூன்ல சுங்கை சிப்புட் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டதுக்கு அப்புறம்தான் அவசரகாலம் அறிவிச்சாங்க. தோட்டங்கள துண்டாடி வித்தப்போ நம்ம ஊரு அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாட்டாளிங்க கிட்ட மாசம் பத்து வெள்ளி (நம்ம நாட்டுக் காசு) வாங்கி தோட்டம் வாங்க வெச்சார். இதெல்லாம் இல்லாம இந்த நிலத்த எப்படி காட்டுவீங்கன்னு கேக்கிறார்.

வாத்தியார் ஐயா சொல்றது அத்தனையும் முக்கியம். எங்க தாத்தா சங்கத்துல பங்கு வெச்சிருந்தவர், அந்தப் பத்து வெள்ளி எப்படி வந்துச்சுன்னு எங்க பாட்டி சொல்லி கேட்டு வளந்தவன் நான். ஆனா அத்தான் எடுத்ததுல இது எதுவும் இல்ல. நான் குரல் சேத்தா அது என் படம், அவர் ஷாட்ட நான் சாட்சிக்கு கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அது தனியா ஒரு படம், வாத்தியார் பேசட்டும், நானே கேமரா புடிக்கிறேன். இதுல வேணாம்.

பிப்ரவரி 22

அக்கா கூட உக்காந்து பாத்தோம். இத இத்தனை நாளா தள்ளிப் போட்டேன், அவங்க அழுதுடுவாங்கன்னு. அழல. என்ன செஞ்சாங்க தெரியுமா, இடம் சொன்னாங்க. "இது நாலாம் நம்பர் காடு." "இந்த மேட்டுல பெரட்டு மணி தொங்கும்" (காலையில வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கிற மணி). "இந்தக் குழாய்ல அவுங்க அம்மா விழுந்துட்டாங்க, பின்னாடிதான் கால் இழுத்து நடந்தாங்க." நான் குழாய கருப்பொருள், அது இதுன்னு பெருசா நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவருக்கு அது அம்மா விழுந்த இடம்.

இத தெரிஞ்சிக்கிட்டு படத்துல சொல்லணுமா? ராத்திரி பூரா புரண்டுட்டு, வேணாம்னு முடிவு பண்ணேன். அவர் உயிரோட இருந்தப்போ யார் கிட்டயும் சொல்லல. குழாய மட்டும் அவர் எடுத்த நீளத்துக்கு, வெட்டாம விடுவோம். இங்க எழுதலாம்னு அக்கா கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், நீங்க தெரிஞ்சிக்கலாம், படத்துக்கு தெரிய வேணாம்னாங்க.

இன்னொண்ணும் கேட்டாங்க. பாட்டு போடாதீங்க. கல்யாண வீடியோ முழுக்க பாட்டு போட்டே அவர் வாழ்க்கை போச்சு, இதுல வேணாம்.

பிப்ரவரி 24

சவுண்டுக்கு ஒரு வழி கெடச்சிருக்கு. இப்ப நம்ம நாட்டுல கித்தா பெரும்பாலும் சிறுதோட்டக்காரங்க கையிலதான், லிந்தாங் பக்கம் ஒரு பாக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்) காட்டுல இன்னும் பழைய மரம் நிக்குது, வந்து பதிவு பண்ணிக்கன்னு சொல்லிட்டார். இப்ப இலை உதிர்ற காலம், காஞ்ச இலையில நடக்கிற சத்தம் இப்ப விட்டா அடுத்த வருஷம்தான். வெதை வெடிக்கிற சத்தம் ஆகஸ்ட்டு பக்கம், அதுக்கு தனியா போவோம். அத்தான் ஷாட்டுல காத்து அடிச்சி பாழான இடத்துக்கு மட்டும் இது, படத்துல சவுண்டு எடுத்தது வேற ஆளுங்க, வேற காடுன்னு எழுத்து போட்டுடுவோம்.

சனிக்கிழமை விடியக் காலை நாலரைக்கு ரயில் ஸ்டேஷன் முன்னால. ரெக்கார்டர் என் கிட்ட ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு யாராவது கொண்டு வந்தா நல்லது. பூட்ஸ் போட்டுக்குங்க, கொசு மருந்து வேணும், ஃபோன சைலண்டுல கூட வெக்காதீங்க, அணைச்சிடுங்க. பெரட்டு மணி யார் வீட்டுலயாவது இருந்தா தகவல் குடுங்க, இரும்புத் துண்டா இருந்தாலும் பரவாயில்ல, அக்கா தட்டிப் பாத்து சொல்லிடுவாங்க. பசியாற நான் தோசை வாங்கிட்டு வந்துடுறேன், எத்தன பேருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.